அரிவாள் டீச்சரும் என் பாதி ஹாலும்

கராத்தே மாஸ்டர் தொழிலில் எதிராளியின் குத்தைக்கூடத் தாங்கிவிடலாம்; பக்கத்து வகுப்புக்கு விழும் கைதட்டலைத் தாங்க எந்தக் கலர் பெல்ட்டும் உதவாது. டியூஷன் எடுத்தவர்கள், பாட்டு சொல்லிக்கொடுத்தவர்கள், டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தியவர்கள் என்று எதிர் வீட்டில் இன்னொரு போர்டு தொங்கியதைப் பார்த்த எல்லோரும் கொஞ்சம் நெருங்கி வாருங்கள். உங்களுக்குத்தான் இது புரியும்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் எனக்கு துபாயில் பகல் டியூட்டி ஒரு கார்கோ ஆபீஸில். அங்கே என் பெயர் "பாய், ஜல்தி". வாரத்தில் மூன்று மாலை மட்டும் அதே ஊரின் தேரா பகுதியில் ஒரு சூட்கேஸ் கடைக்கு மேலே, இரண்டாவது மாடி ஹாலில், முப்பது பிள்ளைகள் வரிசையாகக் குனிந்து "மாஸ்டர்" என்பார்கள். அந்த ஒரு வார்த்தையைக் கேட்பதற்காகவே மிச்ச நாட்களை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

நீல டேப்

ஒரு சனிக்கிழமை போனால் ஹாலின் நடுவில் தரையோடு தரையாக நீல டேப் ஒட்டியிருந்தது. அந்தப் பக்கம் ஒரு பெண்மணி, என் தோள் உயரம்கூட இருக்க மாட்டார், தலையில் முக்காடு, கையில் துணிப்பை. பெயர் வாத்தி, ஆமாம், பெயரே அதுதான். கிழக்கு ஜாவாக்காரர். புருஷன் ஏதோ ஹோட்டலில் சமையல். இந்தோனேசியாவின் சிலாட் சண்டைக்கலை சொல்லிக்கொடுக்கப் போகிறாராம். சொல்லிக்கொடுக்கட்டும், எனக்கென்ன என்றுதான் முதலில் இருந்தேன்.

பையைத் திறந்தார். உள்ளே மரத்தில் செய்த அரிவாள்கள்! பிறை மாதிரி வளைந்த நீளமான ஒன்று, அதன் பெயர் செலூரித். விரலை நுழைக்க வளையம் வைத்த, புலிநகம் போலக் குட்டியான ஒன்று, அது கெரம்பித். அவர் அந்தக் குட்டியை விரலில் மாட்டி ஒரு சுற்றுச் சுற்றினார். என் முப்பது பிள்ளைகளின் கழுத்துகளும் ஒன்றாகத் திரும்பின. நான் "முன்னே பார்!" என்று கத்தினேன். முன்னே நான்தான் நின்றேன், யாரும் பார்க்கவில்லை. ஹால் மேனேஜர் பஷீரிடம் போய் நியாயம் கேட்டேன். அவர் மலையாளத்தில் சிரித்தார்: "எந்தா மாஷே, ஒரு டேப்பு தானே? மதில் ஒந்நும் இல்லல்லோ!"

புல் அறுக்கிற சாமான்

மூன்றாவது வாரம் திருநெல்வேலிக்காரர் முருகேசன் தன் மகள் காவ்யாவைச் சேர்க்க வந்தார். தேராவில் டிரேடிங் ஆபீஸ் வைத்திருப்பவர். டேப்புக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே வாத்தி டீச்சர், "வெட்டாதே, இழு. இடது கை முதலில் பிடிக்கும், வலது கை இழுக்கும்" என்று இந்தியும் ஆங்கிலமும் கலந்து சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்கு வயிறு எரிந்தது. மறைப்பானேன், நன்றாகவே எரிந்தது. "சார், அது சண்டைச் சாமானே இல்ல. அங்கே தோட்டத்துல புல் அறுக்கிறது. அதைப் போய்ப் பெரிசா காட்டுறாங்க" என்றேன். நான் சொன்னதில் பொய் இல்லை. விவசாயி கையில் இருந்ததுதான் அங்கே ஆயுதமானது. ஆனால் யாரிடம் சொல்கிறோம் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்க வேண்டும். முருகேசன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "என்ன மாஸ்டர் இப்படிச் சொல்லுதீய? அருவாளுன்னா எங்களுக்குத் தெரியாதா? அதான் பிள்ளைய அங்கயே சேத்துரலாம்னு பாக்கேன்."

வாட்ச்மேன் சோதனை

அடுத்து நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன், உங்களில் யாராவது இதைவிட மோசமாகச் செய்திருப்பீர்கள். கட்டிடத்து வாட்ச்மேன் ஒரு பட்டாணியர், ஆறடி. அவரிடம் போய் மேலே ஒரு பெண் பை நிறைய அரிவாள் கொண்டுவருகிறார், நாளைக்கு ஏதாவது ஆனால் உங்கள் தலையில்தான் விழும் என்று போட்டுக்கொடுத்தேன்.

அவர் விறுவிறுவென்று மேலே ஏறினார். நான் ஒன்றும் தெரியாதவன் மாதிரி பின்னாலேயே போனேன். டீச்சர் பதறவில்லை. ஒரு மர அரிவாளை எடுத்து, பிடிப் பக்கம் அவருக்கு வரும்படி திருப்பி, இரண்டு கையாலும் கொடுத்தார். அவர்கள் வழக்கம் அது, ஆயுதத்தை ஒருபோதும் முனையை நீட்டிக் கொடுப்பதில்லையாம். வாட்ச்மேன் அதை விரலால் தடவினார், தட்டினார், காற்றில் ஒரு இழு இழுத்துப் பார்த்தார். பிறகு ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு வகுப்பு முடியும்வரை உட்கார்ந்துவிட்டார். போகும்போது என் வெறுங்கையைப் பார்த்து, என்னிடம் காட்ட ஒன்றுமே கிடையாதா என்று உருதுவில் விசாரித்தார்: "மாஸ்டர் சாப், ஆப்கே பாஸ் குச் நஹீ?"

வீட்டு விமர்சனம்

சரி, வீட்டிலாவது ஆறுதல் கிடைக்கும் என்று என் மனைவி கலாவை ஒருநாள் ஹாலுக்குக் கூட்டிப்போனேன். என் பக்கம் பத்து நிமிஷம் பார்த்தாள். மிச்ச நேரம் எந்தப் பக்கம் பார்த்தாள் என்று சொல்ல வேண்டியதில்லை. ஷார்ஜா பஸ்ஸில் திரும்பும்போது "எப்படி?" என்று கேட்டேன். ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே சொன்னாள்: "நீங்க கத்திக்கிட்டே அடிக்கிறீங்க. அந்தம்மா சத்தமே இல்லாம அறுக்குது."

பன்னிரண்டு ஓடு

இந்த நிலைமையில்தான் பஷீர் ஒரு குண்டைப் போட்டார். ஸ்கூல் லீவுக்கு முன்னால் பெற்றோர் தினம் வைக்கப்போகிறார். அன்றைக்குப் பெற்றோர்கள் எந்த வகுப்பு வேண்டும் என்கிறார்களோ அதற்கு முழு ஹாலும், மாலை ஆறு மணி என்கிற நல்ல நேரமும். இன்னொருவருக்கு ஆறரைக்கு மேல், மொட்டை மாடியில் சூட்கேஸ் கடைக்காரர் சரக்கு போட்டுவைத்திருக்கும் அறை. அங்கே ஏசி கிடையாது. அங்கே பிள்ளைகள் வர மாட்டார்கள். பிள்ளைகள் வராவிட்டால் வாரத்தில் ஏழு நாளும் நான் "பாய், ஜல்தி"தான்.

அரிவாளுக்கு எதிராக நின்று ஜெயிப்பதென்று முடிவு செய்தேன். அதற்கு அரிவாளோடு பழக வேண்டும். தேராவில் கீழக்கரை பாய் ஒருவரின் ஹார்டுவேர் கடை இருந்தது. பேரீச்சை மரத்தில் மட்டை கழிக்கத் தோட்டக்காரர்கள் வாங்கும் அரிவாள் ஒன்றை எடுத்தேன். கையில் பிடித்ததுமே விரல்கள் தாமாகப் பழகிய இடத்தில் போய் உட்கார்ந்தன. ஏனென்று எனக்குத் தெரியும். என் இடது சுண்டுவிரலில் ஒரு தழும்பு உண்டு. ஒரே அடியில் பன்னிரண்டு ஓடு உடைத்தபோது வந்தது என்று பிள்ளைகளிடம் சொல்லிவைத்திருக்கிறேன். உண்மையில் அது மன்னார்குடிப் பக்கம் பத்து வயதில் கதிர் அறுத்தபோது பட்டது. அப்பா, அம்மா, நான், மூன்று பேரும் கூலிக்கு அறுத்தவர்கள். கராத்தே மாஸ்டருக்கு அது சரிப்படாது என்று நானே முடிவுகட்டி, ஓட்டைக் கொண்டுவந்து அந்த இடத்தில் வைத்துவிட்டேன்.

அரிவாளைப் பேப்பரில் சுற்றச் சொன்னேன். பாய் மரம் எத்தனை இருக்கிறது என்று கேட்டார். மரமெல்லாம் இல்லை, ஃபிளாட்டில்தான் இருக்கிறேன் என்றேன். சுற்றிய கை நின்றுவிட்டது. "ஃபிளாட்டுல எதுக்குத் தம்பி அரிவா? ஊட்டுல ஏதும் பிரச்சினையா?"

பெற்றோர் தினம்

ஹால் நிறைந்திருந்தது. யாரோ ஹேண்டிகேம்கூடக் கொண்டுவந்திருந்தார்கள். நான் மைக்கைப் பிடித்து, வாத்தி டீச்சர் அரிவாளோடு வரட்டும், நான் வெறுங்கையோடு தடுத்துக்காட்டுகிறேன் என்று சவால் விட்டேன். மாசக்கணக்கில் யோசித்து வைத்திருந்த வரி அது. டீச்சர் வந்து எதிரில் உட்கார்ந்தார். மர செலூரித்தை எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்து, இரண்டு கையையும் நெஞ்சுக்குக் கொண்டுபோய் வணங்கினார். பிறகு பிடியை என் பக்கம் திருப்பி நீட்டினார். விருந்தாளிக்குத்தான் முதல் ஆயுதமாம். அவர் வெறுங்கையோடு நிற்பாராம். சபையில் வேண்டாம் என்று சொல்ல முடியுமா? வாங்கிக்கொண்டேன்.

அவர் உள்ளே பாய்ந்தார். நான் பதினோரு வருஷம் கற்ற கராத்தேயில் ஒன்றுகூட ஞாபகத்துக்கு வரவில்லை. இடுப்பு தானாக மடங்கியது. இடது கை தானாகப் போய் அவருடைய சட்டைக் கையைக் கொத்தாகப் பிடித்தது. வலது கை வளைவை முழங்காலுக்குப் பின்னால் கொடுத்து ஒரு இழு இழுத்தது. டீச்சர் ஒரு கால் மடங்கித் தரையில் உட்கார்ந்திருந்தார்.

ஜெயித்துவிட்டேன்! ஹாலே எழுந்து நின்று தட்டியது. நான் நான்கு திசையும் கும்பிட்டேன். பஷீரைப் பார்த்துப் புருவத்தைக்கூட உயர்த்தினேன். அப்போது முருகேசன் எழுந்து மற்ற பெற்றோர் பக்கம் திரும்பி என் தலையெழுத்தைத் தீர்மானித்தார்: "பாத்தீயளா? கராத்தே மாஸ்டரே அருவாள எடுத்தப்புறந்தான் ஜெயிச்சிருக்காரு. அப்ப எதைப் படிக்கணும்னு நீங்களே சொல்லுங்க!"

சூட்கேஸ் அறை

மொட்டை மாடி அறைக்கு என்னோடு வந்தது ஆறு பிள்ளைகள். அதில் இரண்டு பேர் அண்ணன் தம்பி, அவர்கள் அப்பாவுக்கு ஆறு மணிக்கு அவர்களைக் கொண்டுவந்து விட முடியாது, அதனால் வந்தார்கள். சுற்றிலும் பிளாஸ்டிக் சுற்றிய சூட்கேஸ்கள், நடுவில் நாங்கள். கீழேயிருந்து முழு ஹாலின் சத்தம் படியேறி வரும். ஒவ்வொரு கைதட்டலையும் நான் எண்ணினேன். பொறாமைக்காரனுக்குக் காது ரொம்பக் கூர்மை.

இரண்டு வாரம் கழித்து வாத்தி டீச்சர் மேலே வந்தார். என் இடது கையைக் காட்டச் சொன்னார். தழும்பைப் பார்த்தார். பிறகு தன் இடது சுண்டுவிரலை என் விரலுக்குப் பக்கத்தில் வைத்தார். அதே இடத்தில் அதே நீளத்தில் அதே தழும்பு. அப்படியும் அவரிடம் முதலில் ஓட்டுக் கதையைத்தான் ஆரம்பித்தேன். அவர் தலையை ஆட்டி, எங்கள் இருவருக்கும் தெரிந்த அந்தக் கலவை மொழியில் சொன்னார்: "ஓடு இல்லை மாஸ்டர், நெல்லு. என் பசங்க இடது கையை மறந்துடறாங்க. புதன்கிழமை பத்து நிமிஷம் கீழே வந்து அதைக் காட்டிட்டுப் போங்க."

போக மாட்டேன் என்றுதான் நினைத்தேன். புதன்கிழமை ஐந்து ஐம்பதுக்கே போய் நின்றேன். என்னை விட்டுப் போன பழைய பிள்ளைகள் எல்லோரும் அங்கே இருந்தார்கள், முதல் வரிசையில் காவ்யா. இடது கை எப்படிக் கொத்தைப் பிடிக்க வேண்டும், கட்டைவிரல் எங்கே இருக்க வேண்டும், சுண்டுவிரலை மடக்காவிட்டால் அது எப்படிப் போய்விடும் என்று காட்டினேன். மற்ற பிள்ளைகளிடம் ஓட்டுக் கதையைக் கேட்டிருந்த காவ்யா சும்மா இருக்காமல், "அப்போ அந்த ஃபிங்கர் டைல்ஸ் உடைச்சு வந்தது இல்லையா மாஸ்டர்?" என்றாள். டீச்சர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். நான் சுண்டுவிரலை நீட்டிக் காட்டி, இல்லை, உன் வயதில் கூலிக்கு நெல் அறுத்தபோது வந்தது என்றேன். முழு ஹாலும் தட்டியது. காவ்யா மட்டும் தட்டாமல் யோசித்துத் தீர்ப்புச் சொன்னாள்: "டைல்ஸ் ஸ்டோரி போர் மாஸ்டர். திஸ் ஒன் இஸ் பெட்டர்."

பதினோரு வருஷம் உதைபட்டுக் கற்ற கராத்தேக்கு விழாத கைதட்டல் பத்து வயதில் கூலிக்குக் கற்ற வேலைக்கு விழுந்தது, அதுவும் அந்தம்மாவின் வகுப்பில் விழுந்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.