ஏகாம்பரம் அண்ணனின் கடைவாய்ப் பல்

காலை ஷிப்டின் டீ இடைவேளையில் அண்ணனின் மகள் போன் செய்தாள். "அப்பா போய்ட்டாரு சித்தப்பா" என்றாள். எங்கே போனார் என்று கேட்டேன். அவள் அழுதபோதுதான் புரிந்தது. முந்தின நாள் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்ததே நான்தான். ஆனாலும் பல்வலியில் தொடங்கியது சாவில் முடியும் என்பதை மனம் ஏற்கவில்லை.

ஒரகடத்தில் இரும்புத் தகடு அழுத்தும் நம் பிரஸ் லைனில் வேலை பார்த்த உங்களுக்கு மண்ணூர் ஏகாம்பரம் அண்ணனை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மிஷினுக்குள் தகடு சிக்கிக்கொண்டால் நாம் எல்லோரும் ஓரடி பின்னால் போவோம். லைன் லீடரான அவர் கரண்டை நிறுத்தி ஸ்விட்ச் பெட்டியைப் பூட்டுவார், சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இரண்டு கைகளையும் உள்ளே விடுவார். "சாவி எங்கிட்ட கீது. அது இன்னா பண்ணும்?" என்பார்.

அப்படிப்பட்டவர் மூன்று மாதமாக ஒரு பக்கமாகவே சோறு மென்றார். கிராம்பு, வலி மாத்திரை, வெந்நீர் என்று நாளைத் தள்ளினார். கம்பெனி பஸ்ஸில் ஒருநாள், கன்னத்தைக் கையால் பொத்தியபடி காரணத்தைச் சொன்னார். பள்ளியில் படித்தபோது ஒரு முகாமில் அவருக்குப் பல் பிடுங்கினார்களாம். ஊசி போட்டும் மரத்துப்போகவில்லை. "வலிக்குதுன்னு கத்துனேன். நாலு பேரு அமுக்கிப் புடிச்சிகினாங்க" என்றார். ஐம்பத்திரண்டு வயதுக்காரர் அதைச் சொல்லும்போது தோளைக் குறுக்கிக்கொண்டார்.

கன்னம் வீங்கிய ஞாயிற்றுக்கிழமை, அவரை என் பைக்கில் படப்பைக்குக் கூட்டிப்போனேன். மாடியில் சின்ன கிளினிக். உள்ளே யாருக்கோ பல்லைக் குடையும் சத்தம். அண்ணன் உள்ளங்கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டே இருந்தார். பெயரைக் கூப்பிட்டதும் போய் நாற்காலியில் சாய்ந்தார். விளக்கை முகத்துக்கு நேரே இழுத்து, டாக்டர் ஊசியை எடுத்தார். அண்ணன் எழுந்து நடந்துவிட்டார். நான் பின்னாலேயே இறங்கி ஓடினேன்.

"பயமா கீதுன்னு சொல்ல வெக்கமா கீது முத்து" என்றார்.

மேலே போகலாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அடுத்த வாரம் வரலாம் என்று சொன்னேன். கூடப்போன நீ ஏன் விட்டாய் என்று உங்களில் சிலர் கேட்டீர்கள். இதுதான் பதில்: என் வாயிலும் இரண்டு வருடமாக ஒரு சொத்தைப் பல் இருந்தது. யாரிடமும் சொன்னதில்லை. பல்லைக் குடையும் அந்தச் சத்தம் கேட்டதிலிருந்து நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எழுந்து வந்தபோது, வெளியே போகலாம் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

புதன்கிழமை வீக்கம் தாடைக்குக் கீழே இறங்கிக் கழுத்து கல் போலாகிவிட்டது. வாயைத் திறக்க முடியவில்லை, எச்சில் விழுங்க முடியவில்லை. அண்ணியும் நானும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பல்லின் சீழ் நாக்குக்கு அடியில் பரவி மூச்சுக்குழாயை நெரிக்கிறது என்றார்கள். ஸ்ட்ரெச்சரில் போகும்போது என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். அந்தக் கண்களை நான் எப்படி எழுதுவது? விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் அவரை உள்ளே கொண்டுபோனார்கள். மறுநாள் காலை மகளின் போன் வந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த வாரம், நான் தனியாகப் படப்பைக்குப் போனேன். நாற்காலியில் உட்கார்ந்ததும், பயமாக இருக்கிறது என்று டாக்டரிடம் சொல்லிவிட்டேன். அவர் கருவியைக் கீழே வைத்தார். கையைத் தூக்கினால் அந்த நொடியே நிறுத்திவிடுவதாகச் சொன்னார். நான் அண்ணனைப் பற்றிச் சொன்னேன். பக்கத்தில் நின்ற நர்ஸம்மாவின் முகம் மாறியது.

"அவரா? அதுக்கப்புறமும் ரெண்டு நாள் சாயந்தரம் வந்தாரே. கீழ படிக்கட்டுலயே நின்னுகினு இருந்தாரு. மேல வாங்கன்னேன். கூட ஒருத்தரு வரணும்னாரு."

திங்களும் செவ்வாயும் வந்திருக்கிறார். என்னிடமும் சொல்லவில்லை, அண்ணியிடமும் சொல்லவில்லை. கூப்பிட்டிருந்தால் நான் போயிருப்பேனா என்பது எனக்கே தெரியவில்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தப் பயத்தைத்தான். லைனில் யாராவது கன்னத்தைப் பிடித்தபடி நின்றால் அன்றைக்கே கூட்டிப்போகிறேன். வாசலோடு நிற்காமல் உள்ளே போய், வேலை முடியும்வரை நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்கிறேன். எனக்கு இன்னும் பயம்தான்; பிடித்துக்கொள்ள என் மணிக்கட்டைக் கொடுக்கிறேன்.