பேச்சு முடியுமுன் ஆறிப்போகும் கால்கள்

உதைபந்தாட்டக் கழகமொன்றில் ஆட்டத்துக்கு முன் உடம்பைச் சூடாக்கும் வோம் அப் பயிற்சி செய்விக்கிறவனுக்கு மெட்ச் அன்று சோறு இறங்காது. இதே தொழிலில் மாட்டிக்கொண்ட உங்களுக்கு நான் சொல்லவா வேணும்?

வெயில் இருக்கப் பயமேன்

எங்கள் கொட்டாஞ்சேனைக் கழகத்தில் எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள். பஸ்ஸால் இறங்கி, பூட்ஸை மாட்டி, நேரே கோலுக்கு ஓங்கி அடிப்பார்கள். முதலில் மெதுவாக ஓடுங்கோ, தசை இளகாமல் வேகம் வராது, கால் இழுத்துக்கொள்ளும் என்று தொண்டை கிழியக் கத்துவேன். ஒருநாள் கோல் காப்பாளர் வியர்வையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அண்ணை, கொழும்பு வெயிலில வெந்துபோய் வந்து நிக்கிறம். இன்னும் என்னத்துக்கு எங்களைச் சூடாக்கிறீங்கள்?"

மரக்கறிக் கடையில்

ரஜீவன் எங்கள் முன்வரிசை ஆட்டக்காரன். போன சீசனில் வந்த கையோடு பந்தை அடித்து, பின்தொடைத் தசை இழுத்து, மாதக்கணக்கில் நொண்டினான். இந்த முறை இறுதிப் போட்டிக்கு ஒரு கம்பனி டீமின் மனேஜர் அவனைப் பார்க்க வருகிறார். அவருக்குப் பிடித்துப்போனால் அந்தக் கம்பனியில் நிரந்தர வேலை. அதைக் கேட்டதிலிருந்து எனக்கு நித்திரையில்லை. அவன் படியில் துள்ளி இறங்கினாலே நெஞ்சு பதறும்.

வெள்ளவத்தை மரக்கறிக் கடையில் அவன் மனைவி என்னைக் கண்டுவிட்டாள். பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "அண்ணா, அந்த வேலை கிடைச்சாத்தான் நாங்கள் மூச்சு விடலாம். அவரின்ர கால் உங்கட பொறுப்பு."

பிரதம விருந்தினர்

இறுதிப் போட்டியன்று எல்லாம் முறையாகச் செய்வித்தேன். ரஜீவன் சும்மா பறந்தான். அப்போதுதான் அறிவித்தார்கள், பிரதம விருந்தினர் கொழும்புக் காலி வீதியில் வாகன நெரிசலில் நிற்கிறாராம். அவர் வந்து, மாலை வாங்கி, ஒவ்வொருவருக்கும் கை கொடுத்தால்தானே நம் ஊரில் பந்து உருளும்! இரண்டு அணியையும் வரிசையில் நிற்கவைத்துவிட்டார்கள்.

வியர்வை காய்ந்தது. இளகின கால்கள் ஆறத் தொடங்கின. ஒருவழியாக வந்தவர் மைக்கைப் பிடித்தார், விடவில்லை. பொறுக்க முடியாமல், "முழங்காலைத் தூக்குங்கோடா!" என்று கத்திவிட்டேன். எங்கள் அணி முழுதும் நின்ற இடத்திலேயே குதித்தது. எதிரணி விழுந்து விழுந்து சிரித்தது. விருந்தினருக்கோ முகமெல்லாம் பூரிப்பு: "என்ர பேச்சுக்கு இவ்வளவு உற்சாகப்பட்ட பிள்ளைகளை இண்டைக்குத்தான் பாக்கிறன்!"

தொடைக்குப் போன கை

விசில் ஊதினதும் ரஜீவனைத் துரத்தின எதிரணிக்காரன் தொடையைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டான். ரஜீவன் பந்தோடு ஓடினான். பாதி வழியில் அவன் கையும் தொடைக்குப் போனது. ஐயோ கடவுளே! கண்ணை மூடிவிட்டேன். நழுவின காற்சட்டையைத்தான் இழுத்துவிட்டானாம், பாவி. கண்ணைத் திறக்கும்போது பந்து வலைக்குள். ஆட்டம் முடிந்து மனேஜர் என்னிடம் வந்தார்: "நல்ல ஓட்டம். திங்கட்கிழமை எங்கட கிரவுண்டுக்கு அனுப்புங்கோ. அங்கயும் இப்பிடி ஓடினா வேலை அவருக்குத்தான்."

நம் தொழிலில் ஒரு கால் தப்பினால் கிடைப்பது நிம்மதியில்லை, அதே காலுக்காகப் பயந்து சாக இன்னுமொரு திங்கட்கிழமைதான்.