ஸ்டெல்லா அக்கா வரைந்த படகு

ஸ்டெல்லா அக்கா இறந்துவிட்டார். நேற்று சாயங்காலம். ஹார்ட் அட்டாக் என்று அவர் மகன் மெசேஜ் அனுப்பியிருக்கிறான்.

இந்த குரூப்பில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியாது. அதனால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்...

தொண்ணூறுகளின் நடுவில் குரோம்பேட்டை ஜிஎஸ்டி ரோட்டில் ஒரு சின்ன டிசைன் ஆபீஸ். கீழே செருப்புக் கடை, மாடியில் நாங்கள். எனக்கு வீட்டு பிளான் போடும் வேலை, அடுத்த கம்ப்யூட்டரில் அக்கா.

ஒருநாள் கோவளம் பக்கத்திலிருந்து ஒரு படகுக்காரர் வந்தார். ஃபைபர் படகு செய்ய வேண்டும், அதன் உடம்பை கம்ப்யூட்டரில் வரைந்து தர வேண்டும். எங்களில் யாரும் படகு வரைந்ததே இல்லை. எல்லோரும் மானிட்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, அக்காதான் "நான் போடறேன் சார்" என்றார்.

கூடவே ஒரு கண்டிஷன். "படகு ரெடியானா என்னை ஏத்தி ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போகணும்ணா."

படகுக்காரர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். அக்கா அதுவரை எந்தப் படகிலும் ஏறியதில்லை. சிட்லபாக்கம் வீடு, குரோம்பேட்டை ஆபீஸ், ஞாயிற்றுக்கிழமை சர்ச்... அவ்வளவுதான் அவர் டிராவல்.

படகை முழுசாக வரைய மாட்டார்கள். ஒரு பக்கத்தை மட்டும் வரைந்து, கடைசியில் மிரர் கமாண்ட் கொடுத்தால் அடுத்த பக்கம் தானாக வந்துவிடும். இது தெரியாமல் படகுக்காரர் நடுவில் ஒருநாள் வந்து நின்றார்.

"இன்னாமா இது, அறுத்து வச்ச மீனாட்டம் பாதி கீது? மீதி எங்க?"

அக்கா ஒரு கமாண்டை டைப் செய்து என்டர் தட்டினார். அந்தக் காலத்து மெஷின்... டீ வந்து, குடித்து, கிளாஸைக் கீழே வைத்த பிறகுதான் மறுபாதி வந்தது.

"இம்மா நேரம் எங்க ஒளிச்சு வச்சிருந்த?" என்று அவர் மானிட்டருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். ஆபீஸே சிரித்தது.

இன்னொன்று. வளைவுகள் வழுவழுப்பாக இருக்கின்றனவா என்று அந்த ஸ்கிரீனில் தெரியாது. அக்கா நீளமாக பிரின்ட் எடுத்துத் தரையில் விரித்து, கன்னத்தைத் தரையில் வைத்து ஒற்றைக் கண்ணால் கோட்டின் நீளத்துக்கும் பார்ப்பார். ஒருமுறை அக்கா மயக்கம் போட்டுவிட்டார் என்று நினைத்து ஒரு கஸ்டமர் தண்ணீர் எடுத்து வந்துவிட்டார்.

அப்படிப் பார்த்ததில் படகின் மூக்குப் பக்கம் கோட்டில் ஒரு சின்ன மேடு. "விடும்மா, கடல்ல யார் பாக்கப் போறா?" என்றார் எங்கள் எம்.டி. அக்கா காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அந்தப் பகுதியை அழித்துவிட்டு மறுபடி போட்டார்.

படகு தயாரானதும் வேன் பிடித்து எல்லோரும் கோவளம் போனோம். படகின் வெளிப்பக்கம் தண்ணீர் எதுவரை ஏறும் என்று அக்கா கணக்குப் போட்டுக் கொடுத்த இடத்தில் ஒரு நீலக் கோடு அடித்திருந்தார்கள். பூசை முடிந்தது. அக்கா செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் நின்றார்.

படகுக்காரரின் பெரியப்பா கையை நீட்டித் தடுத்தார். "பொம்பள ஏறக் கூடாதுமா. புதுப் படகு."

படகுக்காரர் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றார். எங்கள் எம்.டி ஏதோ சொல்லிப் பார்த்தார், நடக்கவில்லை.

அக்கா கேட்டார், "ஏறத்தானே கூடாது? தள்ளலாம்ல?"

யாரும் பதில் சொல்வதற்குள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஆம்பளைகளோடு சேர்ந்து தள்ள ஆரம்பித்துவிட்டார். படகு தண்ணீரில் இறங்கியது. ஆட்கள் ஏறினார்கள். சரியாக அந்த நீலக் கோட்டில் தண்ணீர் நின்றது. இடுப்பு வரை நனைந்த அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு ரவுண்டு அடித்துவிட்டுப் படகுக்காரர் கரைக்கு வந்தார். முகமெல்லாம் பல். "இன்னாமா, சும்மா வழுக்கிகினு போச்சு இல்ல?"

"எனக்கு எப்படிண்ணா தெரியும்?" என்றார் அக்கா.

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். திரும்பும்போது வேனில் தாம்பரம் வரை நனைந்த புடவையைப் பிழிந்துகொண்டே வந்தார்.

அதற்கப்புறம் அவர் நிறையப் படகுகள் வரைந்தார். ஒன்றிலும் ஏறவில்லை. இனிமேல் யாராவது கூப்பிட்டாலும் வர மாட்டேன் என்றார்.

நாளைக் காலை சிட்லபாக்கம் வீட்டிலிருந்து எடுக்கிறார்கள்.

வருகிறேன் அக்கா.