சித்திரபுரத்துக்குப் போன பலாப்பழம்

வேலந்தாவளத்தில் மாடு, தோட்டம், அடுப்பு என்று ஓடி அலுத்துப்போய், இரண்டு நாள் தனியாக இருக்கச் சித்திரபுரம் போனேன். ஓட்டலுக்கு வசதியில்லை. அந்த மலையூரின் தேயிலை எஸ்டேட் குடியிருப்பில் ஒரு பெண் தன் பின்னறையை வாடகைக்கு விட்டிருந்தாள். வெறுங்கையோடு போகக் கூடாதே என்று தோட்டத்துப் பலாப்பழம் ஒன்றைச் சுமந்து போனேன். இன்னும் கொஞ்சம் பழுக்கட்டும், காலையில் கொடுக்கலாம் என்று கட்டிலடியில் வைத்தேன்.

விடிந்ததும் கதவைத் திறக்கப் போனேன். பக்கத்து ஜன்னலிலிருந்து அவள் கத்தினாள்.

"யக்கா, தொறந்துராதிய! வாசல்ல யானை நிக்குது. உள்ள பலாப்பழம் வச்சிருக்கியளா?"

"ஆமாங்க, உங்களுக்குத்தானுங்க கொண்டாந்தேன்!"

அறைக்கு அந்த ஒரே கதவுதான். தும்பிக்கை பலகையைத் தடவும்போதெல்லாம் தாழ்ப்பாள் ஆடியது. பழத்தை மடியில் வைத்து அணைத்துக்கொண்டு சுவரோரம் ஒடுங்கினேன். அப்போது ஊரிலிருந்து என் வீட்டுக்காரர் போனில் கூப்பிட்டார்.

"கன்னுக்குட்டி உன்னையத் தேடுது. எப்பப் பொறப்படற?"

"வாசல்ல யானை நிக்குதுங்க. எப்படிங்க வரட்டும்?"

"அப்படின்னா அங்கயே இரு" என்று போனை வைத்தார். கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்னதில் அவர் ஒத்துக்கொண்ட முதல் காரணம் அதுதான்.

மதியம் ஆட்கள் கூடி யானையை விரட்டினார்கள். அவளும் நானும் தேயிலைச் சரிவைப் பார்த்தபடி சுளை தின்றுகொண்டிருந்தபோது மறுபடியும் போன் அடித்தது.

"போயிருச்சா?"

பிசின் ஒட்டிய கையில் அடுத்த சுளையை எடுத்துக்கொண்டே சொன்னேன்.

"இல்லீங்க. இன்னும் நிக்குதுங்க."