தானே நகர்ந்த டைமிங்

ரிப்பேர் செய்து அனுப்பிய கார் திரும்பி வந்தால், எல்லாரும் முதலில் நம் முகத்தைத்தான் பார்ப்பார்கள். ஷெட்டில் வேலை செய்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆழ்வார்பேட்டையில் மெக்கானிக் பாயின் ஷெட்டில் உதவிக்கு இருக்கிறேன். கைக்குழந்தையோடு வா என்று சொன்ன ஒரே இடம் இது.

பாலம் ஏறினால் சத்தம்

மயிலாப்பூர் சார் ஒருவருடைய பழைய பெட்ரோல் கார். பாலம் ஏறும்போது இஞ்சின் கடகடவென்று தட்டியது. பாய், பிளக்குகளுக்குத் தீப்பொறியைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் புது பாயின்ட் போட்டு, தீப்பொறி விழும் நேரம், அதாவது டைமிங், சரியாகும்படி அதை இம்மி இம்மியாகத் திருப்பினார். நான் டைமிங் லைட்டைப் புல்லி மேல் பிடித்தேன். புல்லியில் இருக்கும் குறி நேராக வந்ததும், டிஸ்ட்ரிபியூட்டர் நகராமல் பிடிக்கிற போல்ட்டை முடுக்கியது நான். சத்தம் போய்விட்டது. சார் பானெட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "பாயின்ட் தவிர வேற ஒண்ணும் மாத்தலையே?"

போல்ட் யார் போட்டது

ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதே சத்தத்தோடு வந்தார். லைட் அடித்துப் பார்த்தால் டைமிங் நகர்ந்திருந்தது. சரியாக வைத்து அனுப்பினோம். மறுபடி வந்தார். பாயை ஓரமாகக் கூப்பிட்டு ஏதோ சொன்னார்; இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கோ பாய் மேல்தான் சந்தேகம், கூலிக்காக வண்டி திரும்பி வரட்டும் என்று அவரே தளர்த்தி விடுகிறாரோ என்று. பாய் வந்து சொன்னார்: "இன்னாம்மா, குழந்தை அழுதுச்சுன்னு பாதி முடுக்கிட்டு உட்டுட்டியா? இன்னொரு தபா இந்த வண்டி வந்துச்சுன்னா நீ வேலைக்கு வராத."

சிவப்புப் பூச்சு

அன்று முடுக்கியதும், போல்ட் தலையையும் அடியையும் சேர்த்து என் நெயில் பாலிஷைத் தடவினேன். பாய் தொட்டாலும் தெரியட்டும் என்றுதான். அவர் கேட்டதற்கு, துரு பிடிக்காது என்றேன்.

மறுபடி கார் வந்தது. பாய் பார்த்த பார்வையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடலாம் போலிருந்தது. பானெட்டைத் திறந்து விரலால் காட்டினேன். பூச்சு இரண்டாக வெடித்திருந்தது. "நான் முடுக்கினதை யாரோ கழட்டியிருக்காங்க பாய்."

பாய் சாரைப் பார்த்தார். சார் ரேடியேட்டரைப் பார்த்தார். பிறகுதான் சொன்னார்: யாராவது கை வைத்தால் தெரிய வேண்டுமென்று, வண்டியை எங்களிடம் விடும் முன்பே டிஸ்ட்ரிபியூட்டரையும் இஞ்சினையும் சேர்த்து ஆணியால் ஒரு கோடு கீறியிருந்தாராம். ஒவ்வொரு தடவையும் கோடு தள்ளியிருக்கவே, வீட்டில் போல்ட்டைக் கழற்றிப் பழைய இடத்துக்கே திருப்பி வைத்தாராம். "பாயின்ட் புதுசு சார், பழைய கோடு ஒத்துக்காது" என்றார் பாய். லைட்டை எடுத்து என் கையில் கொடுத்தார். டைமிங் வைத்து முடித்ததும் சார் சட்டைப்பையிலிருந்து ஆணியை எடுத்தார்: "செத்த தள்ளிக்கோங்கோ, புதுக் கோடு நானே போட்டுண்டுடறேன்."

நாங்கள் ஒருவரை ஒருவர் நம்பாமல் போட்டுவைத்த அடையாளங்களின் காவலில்தான் அந்த இஞ்சின் இப்போது ஒழுங்காக ஓடுகிறது.