மாதிரிக்கு எடுத்த பஞ்சு

2024 பிப்ரவரி 11, ஞாயிறு, காலை பத்து நாற்பது. வெயில் ஏறிவிட்டது, பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஜன்னல் திரையைக் கூடத்துக்குள் தள்ளிக்கொண்டிருந்தது. பத்து மணிக்கு வருவதாகச் சொன்ன தூத்துக்குடிக்காரர்கள் நாற்பது நிமிடம் கழித்து, ஐந்து பேராக, கோவையில் எங்கள் வீட்டு வாசலில் இறங்கினார்கள்.

என் மகள் வயிற்றுப் பேத்தி அவர்கள் வீட்டுப் பையனைத் தானே பார்த்து வைத்திருந்தாள். இருவருக்கும் ஒரே கம்பெனியில் வேலை. பெரியவர்கள் பேசி முடிப்பதுதான் பாக்கி. பையனின் அப்பா துறைமுகத்தில் இறங்கும் சரக்கை வெளியே எடுத்துக் கொடுக்கும் ஏஜென்ட். நான் மில்லுக்கு முப்பத்து நான்கு வருடம் பஞ்சு பார்த்து வாங்கியவன். அதனால் பேத்தி முந்தின நாளே எச்சரித்தாள்.

"அப்புச்சி, பஞ்சப் பத்தி ஒரு வார்த்தை பேசப்படாது. நீங்க பேசிக் கெடுத்துப்போட்டீங்கன்னா நான் வேற யாரையும் கட்டிக்க மாட்டேன்."

"துறைமுகத்தப் பத்தி?"

"அதுவும் கூடாதுங்க."

"காப்பியப் பத்தி?"

"சக்கரை ஜாஸ்தின்னு சொல்லாம இருந்தாப் பேசலாம்."

பையனின் அப்பாவுக்கு முதுகு வலி. எங்கே போனாலும் சாய்ந்துகொள்ளத் தன் தலையணையையும் கொண்டுபோவாராம். அதை முதுகுக்கு வைத்துக்கொண்டு சோபாவில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். தலையணையின் ஓரத்தில் தையல் ஒரு அங்குலம் விட்டிருந்தது.

இருபத்திரண்டு நிமிடம் நான் ஒழுங்காகத்தான் இருந்தேன். அவர்தான் ஆரம்பித்தார். "எங்க துறைமுகம் மட்டும் இல்லன்னா உங்க மில்லெல்லாம் எதை நூத்திருக்கும், சொல்லுங்க?"

எங்கள் ஊர்ப் பஞ்சும் நூலும் போய்க் கப்பலேறியிராவிட்டால் அங்கே உப்பும் கருவாடும்தான் காய்ந்துகொண்டிருக்கும் என்று சொல்ல வாய் வந்தது. பேத்தி முறைத்தாள். வாயை மூடிக்கொண்டேன். கை கேட்கவில்லை. தையல் விட்ட இடத்தில் எட்டிப் பார்த்த பஞ்சைக் கொஞ்சம் உருவி, இரண்டு கட்டைவிரலுக்கும் நடுவே வைத்து இழுத்தேன். நாலே இழுப்பு. நீள இழை, பட்டு மாதிரி மினுமினுப்பு. எகிப்துப் பஞ்சு, எங்கள் மில் தூத்துக்குடி வழியாக வரவழைத்த அதே ரகம்.

கப்பலில் வந்த, அழுத்திக் கட்டிய பஞ்சுப் பொதியான ஒவ்வொரு பேலிலும் துறைமுகத்தில் பக்கவாட்டில் கிழித்து ஒரு பிடி எடுப்பார்கள். அதற்குப் பெயர் மாதிரி. தரம் பார்க்க ஒரு பிடி போதும். ஆனால் ஆளுக்கொரு பிடி எடுத்தார்கள். பேல் மில்லுக்கு வந்து சேரும்போது எடை குறைந்திருக்கும். முதலாளி அந்தப் பஞ்சை நான் தின்றுவிட்ட மாதிரி என்னைப் பார்ப்பார்.

"ஏனுங்க, இது எங்க மில்லுப் பஞ்சாச்சே!" என்றேன்.

"மாதிரிக்கு எடுத்ததா இருக்கும்," என்றார் அவர்.

"மாதிரின்னு எடுத்து மெத்தை தலகாணி தெச்சா அது திருட்டு மாதிரி இல்லீங்க, திருட்டேதானுங்க. உங்க ஊரே எங்க பஞ்சுல தலை வெச்சுத் தூங்கி வளந்த ஊருங்க!" சொல்லச் சொல்ல, சாட்சிக்காகப் பிடி பிடியாக உருவி மடியில் போட்டுக்கொண்டே இருந்தேன்.

"ஏனுங்கப்பா!" என்றாள் மகள். பையன் செல்போனுக்குள் தலையைப் புதைத்தான். பேத்தியின் கண் கலங்கிவிட்டது. பையனின் அப்பா எழுந்து நின்றார்.

"எடையைப் பத்தி நீங்க பேசுதியளோ? எங்க ஊருக்கு நீங்க அனுப்புன பேலெல்லாம் தண்ணி தெளிச்சு எடை ஏத்துனதுதானே? நீங்க தெளிச்ச தண்ணியிலதான் எங்க ஊர்ல கப்பலே மிதந்துச்சு!"

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தேன், மூக்கு வழியாக வந்துவிட்டது. மடியில் இருந்த பஞ்சு பறந்து அவர் மீசையில் ஒட்டியது. அதற்கு அவர் மனைவி சிரித்தார். அப்புறம் அவரே சிரித்தார்.

உட்காரப் போனவர் தலையணையைத் தூக்கிப் பார்த்தார். தோசையாகத் தொங்கியது.

"இதை நிரப்பித் தாங்க. அதே பஞ்சு. அதுல சாஞ்சுக்கிட்டுதான் நிச்சயத் தட்டை வாங்குவேன். பாலியஸ்டர் பஞ்சை அடைச்சுத் தந்தியன்னா தட்டு திரும்பி வந்திரும்."

"அப்புச்சி நிரப்பித் தந்துருவாருங்க மாமா," என்றாள் பேத்தி, என்னைப் பார்க்காமலே.

மறுநாள் எனக்குப் பழக்கமான பஞ்சு வியாபாரியிடம் போனேன். எகிப்துப் பஞ்சு ஒன்றரைக் கிலோ வேண்டும் என்றேன்.

"ஏனுங்க, உங்களுக்குத் தெரியாததா? பேல் கணக்குலதான் தர முடியும். நூத்தி எழுவது கிலோவ வெச்சு என்ன பண்ணுவீங்க?" என்றவர், குடோன் பக்கம் கையைக் காட்டினார். "வேணும்னா மாதிரிக்குக் கொஞ்சம் எடுத்துக்கங்க."

எடுத்துக்கொண்டேன், ஒரு பேலில் கொஞ்சம், இன்னொரு பேலில் கொஞ்சம் என்று ஒன்றரைக் கிலோ. மாசியில் அவர் அதில் சாய்ந்துகொண்டு தட்டு மாற்றினார். உறைத் துணி 140 ரூபாய், தையல் கூலி 120, ஆட்டோ போக வர 260, பஞ்சு மாதிரி என்பதால் காசில்லை. ஆக எனக்கு ஆன செலவு 520 ரூபாய்.