போன் அடித்தால் விழுகிறவள்

அந்தக் கணவனை எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை.

கண்டியில் நான் இதய மருத்துவராக இருக்கும் ஆஸ்பத்திரியில், காலையில் டொக்டர்மார் வார்ட்டைச் சுற்றி வரும்போது உறவினர்கள் உள்ளே நிற்பதில்லை. அவன் நின்றான். தாதி வெளியே அனுப்பினால் கொஞ்ச நேரத்தில் ஏதாவது சாட்டுச் சொல்லிக்கொண்டு திரும்பி வந்தான். கட்டிலில் இருந்த அவன் மனைவிக்கு இருபத்தைந்து வயது இருக்கும். பிள்ளை பெற்றுச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. வீட்டில் மயங்கி விழுந்தாள் என்று கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். இது முதல் தடவையும் இல்லை. முன்பு வேறொரு இடத்தில் காட்டியபோது வலிப்பு என்று சொல்லி அதற்கு மாத்திரை கொடுத்திருந்தார்கள்.

நான் அவளிடம் கேட்ட கேள்விக்கெல்லாம் அவன்தான் பதில் சொன்னான். அவள் இடது கன்னத்தில் புதிதாகக் கன்றிய ஒரு காயம். முழங்கைப் பக்கம் பச்சையும் மஞ்சளுமாக ஒரு பழைய காயம். இரண்டும் ஒரே நாளில் வந்தவை அல்ல. இப்படிப்பட்ட காயங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். குசினியில் அடுப்படியில் வழுக்கி விழுந்தேன் என்பார்கள், படியில் தடுக்கினேன் என்பார்கள். தாதி என்னைப் பார்த்தாள், நான் தாதியைப் பார்த்தேன். இருவருக்கும் ஒரே எண்ணம்தான்.

இன்னொன்றையும் கவனித்தேன். அவன் சட்டைப்பையில் இரண்டு போன்கள் இருந்தன. ஒன்றின் உறை ரோஸ் நிறம்.

"நான் கேட்கிறது உங்கட மனைவியை, தம்பி. நீங்கள் கொஞ்சம் வெளியில நில்லுங்கோ" என்றேன்.

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனான். போகிற வழியில் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தான்.

திரையை இழுத்துவிட்டு, அவள் பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன். வீட்டில் யாராவது அடிக்கிறார்களா என்று நேராகவே கேட்டேன். அவள் பதறிப்போய் இல்லை என்றாள். பயத்தில் இல்லை என்கிறவர்களும் அப்படித்தான் பதறுவார்கள். நான் விடவில்லை. பிறகு ஏன் அவர் உங்களைப் பேச விடுகிறார் இல்லை என்று கேட்டேன். அவள் திரைக்கு வெளியே ஒரு தரம் காது கொடுத்துவிட்டு, மிகவும் தணிந்த குரலில் சொன்னாள்.

"போன் அடிச்சா விழுந்துர்றேன் டொக்டர். அதுதான் அவருக்குச் சந்தேகம்."

கட்டுகஸ்தோட்டையில் ஒரு சின்ன வாடகை வீட்டில் அவர்கள் இருந்தார்கள். கணவன் டவுனில் ஒரு மொத்தக் கடைக்கு வேன் ஓட்டுகிறவன். காலையில் அவன் வேலைக்குப் போனபின், பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு அவள் கொஞ்சம் கண்ணயர்வாள். அந்த நேரத்தில் போன் அடித்தால் திடுக்கிட்டு எழும்புவாள், நெஞ்சுக்குள் ஏதோ படபடவென்று அடிக்கும், பிறகு தரையில்தான் கண் விழிப்பாள். கடைசியாக விழுந்த அன்று, எதையோ மறந்து வைத்துவிட்டுத் திரும்பி வந்த கணவன், அவள் தரையில் கிடப்பதையும் போன் ஓயாமல் அடிப்பதையும் கண்டான். எடுத்து ஹலோ என்றான். மறுபக்கத்தில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது, பிறகு தொடர்பு அறுந்தது. அன்றிலிருந்து அவளுடைய போன் அவன் பையில்.

யார் கூப்பிட்டது என்று நானும் கேட்டேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எதையோ மறைக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. அடிக்கிற கணவன் என்று அவனைச் சந்தேகித்த நான், ஒரு நிமிடம் அவளையும் சந்தேகித்தேன்.

ஆனால் சத்தத்துக்கு விழுவது என்பது எனக்குள் வேறொரு மணியை அடித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று எடுத்த ஈசிஜியை மறுபடி கையில் எடுத்தேன். இயந்திரம் அதன் மேல் பெரிய குறை ஒன்றும் எழுதவில்லை. நான் அந்த இயந்திரத்தை நம்புகிறவள் இல்லை. இன்னொன்று எடுக்கச் சொல்லி, ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து அளந்து பார்த்தேன். ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயம் தன் மின்சாரத்தைத் திருப்பிச் சேர்த்துக்கொண்டு அடுத்த துடிப்புக்கு ஆயத்தமாக வேண்டும். இவளுக்கு அந்த ஆயத்தம் இழுபட்டுக்கொண்டே போனது. அலையின் முடிவில் இரட்டைத் திமில் மாதிரி ஒரு மேடு. பிறவியிலேயே வருகிற கோளாறு இது. அந்த இழுபட்ட நேரத்தில் திடீரென்று ஒரு சத்தம் வந்து ஆளை உலுக்கினால், இதயம் துடிப்பதை விட்டுவிட்டு நடுங்கத் தொடங்கும். நடுங்குகிற இதயம் மூளைக்கு இரத்தம் அனுப்பாது. ஆள் விழுவார், கைகால் வெட்டும், பார்க்கிறவர்களுக்கு வலிப்பு மாதிரியே இருக்கும். அவள் காயங்களும் அப்படி விழுந்ததில் வந்தவையாக இருக்கலாம். பெரும்பாலும் தானாகச் சரிவரும். ஒரு தடவை சரிவராமல் போகும். பிள்ளை பெற்ற பிறகு வரும் மாதங்கள்தான் இன்னும் ஆபத்தானவை.

குடும்பத்தில் யாராவது திடீரென்று இறந்தார்களா என்று கேட்டேன். தன் அக்கா என்றாள். கலஹா பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் இருக்கும் லயத்து வீட்டில், கைக்குழந்தையோடு இருந்தபோது ஒரு விடியலில் செத்துப்போனாளாம். எப்படி என்று கேட்டேன்.

"புருசன் கொன்னுட்டாருன்னு அம்மா சொல்லுவாங்க" என்றாள்.

அவளை மொனிட்டர் உள்ள கட்டிலுக்கு மாற்றினேன். இதயத்தை அமைதிப்படுத்தும் மாத்திரையைத் தொடங்கி, குறைந்திருந்த பொட்டாசியத்துக்கும் மருந்து கொடுத்தேன். பிறகு கணவனைக் கூப்பிட்டு, அவள் பக்கத்தில் எந்தப் போனும் சத்தம் போடக் கூடாது, உள்ளே வரும்போது இரண்டையும் அணைத்துவிட வேண்டும் என்று விளக்கிச் சொன்னேன். அவன் நான் சொல்வதைக் கேட்கவில்லை, என் முகத்தைப் படித்துக்கொண்டிருந்தான்.

"போனை ஓஃப் பண்ணச் சொல்லி அவதான் ஒங்ககிட்ட சொன்னாளா டொக்டர்?" என்று கேட்டான்.

நான் திரும்பவும் விளக்கினேன். சரி, சரி என்று தலையாட்டினான். அவன் நம்பவில்லை என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. அவன் கணக்கில் நானும் அவளும் ஒரு பக்கம் சேர்ந்துவிட்டோம்.

மறுநாள் மதியம் நோயாளரைப் பார்க்க வரும் நேரம். நான் அதே வார்ட்டின் மறு கோடியில் ஒரு வயோதிபரின் நெஞ்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் சாப்பிட்டுவிட்டு நித்திரையாகியிருந்தாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அப்போது ஒரு சினிமாப் பாட்டு பெரிய சத்தத்தோடு கிளம்பியது. ரோஸ் உறைப் போன்தான். அணைக்காமல், சத்தத்தையும் குறைக்காமல், வேண்டுமென்றே கொண்டுவந்திருந்தான். கூப்பிடுகிறவனைப் பிடிப்பதற்கு.

அவள் திடுக்கிட்டுக் கண் விழித்தாள். நான் ஓடி வருவதற்குள் மொனிட்டர் அலறியது. திரையில் அலைகள் கயிறு முறுக்கினதுபோலச் சுழன்றன. அவள் கண்கள் மேலே செருகி, உடம்பு விறைத்தது. தாதி மின்னதிர்ச்சி இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள், நான் மக்னீசியம் ஊசியைக் கேட்டேன். காத்திருந்து பார்க்க நேரமில்லை. ஒரு அதிர்ச்சி கொடுத்தோம். முறுக்கல் நின்று, கோடு ஒரு கணம் நேராக ஓடி, பிறகு அவளுடைய சொந்தத் துடிப்பு வந்தது. கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்து, பிள்ளை எங்கே என்று கேட்டாள்.

கணவன் சுவரோடு சாய்ந்து நின்றான். எல்லாவற்றையும் பார்த்திருந்தான். முதலில் சத்தம், பிறகு திரையில் அந்த முறுக்கல், அதற்குப் பிறகுதான் அவள் நினைவிழந்தது. நடிப்பு என்றோ, பயத்தில் மயங்கினாள் என்றோ இனி அவனால் சொல்ல முடியாது.

சத்தத்தை அணைத்து அவன் கையில் பிடித்திருந்த போன் மறுபடி மின்னியது. இந்தத் தடவை அவன் அதை எடுத்துக்கொண்டு நடைபாதைக்கு ஓடினான். திரும்பி வந்தபோது முகம் வெளிறியிருந்தது.

"அவ அக்கா புருசன்" என்றான்.

அப்படியென்றால் ஒரு ஆள் ரகசியமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது உண்மைதான். அவன் சந்தேகத்தில் பாதி சரி. அக்கா செத்த பிறகு, அவள் பெற்ற பெண் குழந்தையை இவர்கள் இருவரின் தாய் தன்னிடம் வைத்துக்கொண்டாள். மருமகனைத் தோட்டத்துப் பக்கமே வரவிடவில்லை. குடும்பத்தில் யாரும் அந்த ஆளோடு பேசக் கூடாது என்று கட்டளை. கலகெதரவில் ஒரு மர ஆலையில் வேலை செய்துகொண்டு, மகள் சாப்பிட்டாளா, பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்களா என்று அறிய இவளைத்தான் அவர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். சில நாட்களாக அவள் பேசவில்லை என்ற பதற்றத்தில் அன்று மதியமும் கூப்பிட்டிருக்கிறார்.

"என்கிட்ட ஏன் சொல்லல?" என்று கணவன் அவளைக் கேட்டான்.

"சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா?" என்றாள் அவள்.

மாத்திரை மட்டும் போதாது என்று முடிவெடுத்தோம். தாளம் தப்பினால் உள்ளேயிருந்தே அதிர்ச்சி கொடுத்துத் திருப்பும் ஒரு சின்னக் கருவியை அவள் தோள்பட்டைக்குக் கீழே தோலுக்குள் வைத்தோம். இது பரம்பரையாக வருவது என்பதால் அக்காவின் பிள்ளையையும் நான் பார்த்தாக வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். தாய் முதலில் மறுத்துவிட்டாள். அந்த ஆள் ஆஸ்பத்திரிக்காரர்களைக் கைக்குள் போட்டுக்கொண்டு பிள்ளையைப் பறிக்கப் பார்க்கிறான் என்றாளாம். மகள் அழுது மன்றாடிய பிறகுதான் கிளினிக்குக்கு வந்தாள். மெலிந்து, நிமிர்ந்த உடம்புக்காரி. பேத்தியின் கையை அவள் விடவேயில்லை. தகவல் அறிந்து மருமகனும் வந்திருந்தார். ஒரே வாங்கில் இரண்டு கோடியில் உட்கார்ந்திருந்தார்கள். சிறுமி அப்பாவைப் பார்ப்பதும் பாட்டியைப் பார்ப்பதுமாக இருந்தாள்.

முதலில் அவரைத் தனியாக உள்ளே கூப்பிட்டு, மனைவி இறந்த அன்று என்ன நடந்தது என்று கேட்டேன். இந்தக் கேள்விக்குப் பலரிடம் பதில் சொல்லிச் சலித்த முகம் அவருக்கு. நான் எழுதுகோலை மூடி வைக்கும் வரை பேசவில்லை.

"முந்தின நாள் சாயந்தரம் சண்டை போட்டோம். அது உண்மை. விடிய அலாரம் அடிச்சிச்சு. எழும்பி உட்கார்ந்தா. அப்படியே சாஞ்சா. அவ்வளவுதாங்க. பொலிஸ்ல சொன்னேன், அத்தைகிட்ட சொன்னேன். அலாரத்துக்கு யாராச்சும் சாவாங்களான்னு சிரிச்சாங்க."

பிரேத பரிசோதனையில் ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காததுதான் வினையானது. காயம் இல்லை, நஞ்சு இல்லை, நோய் இல்லை என்றால் மனுசன் ஏதோ கெட்டித்தனமாகச் செய்துவிட்டான் என்று தோட்டமே பேசியது. இந்தக் கோளாறு உடம்பில் ஒரு தடயமும் வைக்காது. துடிப்பு நின்றபின் இதயத்தை வெட்டிப் பார்த்தாலும் அது நல்ல இதயமாகத்தான் இருக்கும்.

சிறுமியின் ஈசிஜியில் சித்தியுடையது போலவே அலை இழுபட்டிருந்தது. பாட்டியை உள்ளே கூப்பிட்டு இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டினேன்.

"மெசின் தப்பா காட்டுதோ என்னமோ. திரும்ப எடுங்க" என்றாள்.

திரும்ப எடுத்தோம். அதேதான்.

"அப்ப அவன் கொல்லலயா?"

"எனக்கு உறுதியாச் சொல்ல ஏலாது அம்மா. நான் அந்த மகளைப் பார்க்கேல்லை. ஆனா அவர் சொன்ன மாதிரியே நடந்திருக்கும் எண்டுதான் நான் நினைக்கிறன்."

அவள் இரண்டு காகிதங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, இது யாரிடமிருந்து வருவது என்று கேட்டாள். தாய் தகப்பன் யாராவது ஒருவரிடமிருந்து வரும் என்றேன். அவள் கணவர் எப்போதோ இறந்தவர். உங்களுக்கும் ஒரு ஈசிஜி எடுத்தால் தெரிந்துவிடும் என்றேன். வேண்டாம் என்று சட்டென்று எழும்பிவிட்டாள். அவள் என்னையும் என் இயந்திரத்தையும் சந்தேகிக்கிறாள் என்று முதலில் நினைத்தேன். அவள் போன பிறகுதான், அவள் சந்தேகம் தன் பக்கமே திரும்பியிருந்தது எனக்கு விளங்கியது.

ஒரு மாதத்துக்குப் பிறகு, கிளினிக் முடியும் தறுவாயில், தனியாக வந்தாள். யாரிடமும் சொல்லாமல் வந்ததாகச் சொன்னாள். தானாகவே கட்டிலில் ஏறிப் படுத்து, கண்ணை மூடிக்கொண்டாள். காகிதம் வெளியே வந்தது. நான் அளந்தேன். மகளுடையதைவிடக் கொஞ்சம் குறைவாக, ஆனால் ஐயத்துக்கு இடமில்லாமல் இழுபட்டிருந்தது. இத்தனை வருசம் ஒரு தரமும் விழாமல் தோட்டத்தில் கொழுந்து பறித்த உடம்பு. சிலருக்கு அப்படியும் அமைந்துவிடுகிறது.

"எங்கிட்டருந்துதான்" என்றாள். கேள்வி இல்லை அது.

அவளுக்கும் மாத்திரை தொடங்கினேன். போகும்போது, இதை மூத்த மருமகனிடம் நீங்களே சொல்லிவிடுங்கள் என்று என்னைக் கேட்டுக்கொண்டாள். இது நான் சொல்ல வேண்டிய விசயம் இல்லை என்றேன். அவள் கொஞ்ச நேரம் வாசலில் நின்றுவிட்டுப் போனாள்.

சொன்னாளா என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. இப்போது சிறுமியைக் கிளினிக்குக்கு அப்பாவும் பாட்டியும் சேர்ந்து கொண்டுவருகிறார்கள். நடுவில் பிள்ளையை இருத்தி, ஒருவரோடு ஒருவர் அதிகம் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். மாத்திரையை எந்த நேரத்தில் கொடுப்பது என்று நான் சொல்லும்போது இருவரும் காது கொடுப்பார்கள். இளைய மகளின் கணவனும் மாதா மாதம் தவறாமல் மனைவியைக் கூட்டிக்கொண்டு வருகிறான். வீட்டில் சத்தம் போடும் எதையும் வைத்திருப்பதில்லை என்றான். அவள் இப்போது விழுவதில்லை. போன முறை அவன் மருந்து எடுக்கப் போயிருந்த நேரத்தில், எல்லாம் சரிதானே பிள்ளை என்று அவளிடம் கேட்டேன். சரிதான் டொக்டர் என்றாள். சொல்லிவிட்டு, திரைக்கு வெளியே ஒரு தரம் காது கொடுத்தாள்.

அவளை ஒவ்வொரு முறையும் தனியாகப் பார்க்க வேண்டும் என்று தாதியிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.